ஜன்னலைச் சாத்திவிட்டு மூட்டிய கணப்பு

சென்ற ஐப்பசியில் எனக்கு நேர்ந்ததைத் தாய்மார்கள் அறிவதற்காக எழுதுகிறேன்.

குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. என் கணவர் துறைமுக வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாளாக விடாத மழை. பிள்ளைக்குக் குளிருமே என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைத்து, கணப்புச் சட்டியில் கரியை மூட்டிக் கட்டிலருகே வைத்தேன். புகை வராததால் பயப்படவில்லை.

சற்று நேரத்தில் தலை வலித்தது. பிரசவ அசதி என்று எண்ணிக் குழந்தையோடு படுத்தேன். பிறகு யாரோ கதவைத் தட்டுவது தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. எழ நினைத்தும் கால்கள் அசையவில்லை.

யுத்த காலமாதலால் தீப்பெட்டி கிடைக்காமல், நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காதான் கதவைத் தள்ளித் திறந்து எங்களை வெளியே கொண்டுவந்திருக்கிறாள்.

"ஏளா, கண்ண முழி. பிள்ள அழமாட்டேங்கு" என்ற அவள் குரலில்தான் எனக்கு நினைவு திரும்பியது. குழந்தை அவள் மடியில் துவண்டு கிடந்தது. அவள் அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து முனகியது; பின் அழுதது.

"கரியிலருந்து வார விஷவாயும்மா. அதுக்கு வாசனை கிடையாது" என்றார் பிறகு வந்து பார்த்த டாக்டர்.

இப்போது கணப்பை அறைக்குள் கொண்டுவருவதே இல்லை. தாழ்வாரத்தில் மூட்டி, துணியைச் சூடுகாட்டிப் பிள்ளையைப் போர்த்துகிறேன். அடைமழையிலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். சாரலில் தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.