ஞாயிற்றுக்கிழமைக் கூடை

மலை ஏறப் பயிற்சி எடுக்கிறேன் என்று சொன்னதும் என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். வருஷம் முழுக்கச் சரிவிலேயே நிற்கிறவள்.

"சும்மா ஏறுறதுக்கா? சம்பளம் யாரு குடுப்பா?"

யாரும் தரமாட்டார்கள், பஸ் செலவும் நம்முடையதுதான் என்றேன்.

"படிச்சா இப்பிடித்தான் ஆகும்னா எம்புள்ளய நான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டேன்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

எனக்குப் பதுளையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. அங்கேயே ஒரு வாடகை அறை. பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில். நாங்கள் பிறந்த அதே வரிசைவீட்டு லயத்தில்தான் தங்கை இன்றைக்கும் குடியிருக்கிறாள். எங்கள் கந்தோரில் வேலை செய்பவர்களும் பக்கத்துக் கடைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நடைக்குழு வைத்திருந்தார்கள். இரும்புக்கடை முதலாளியின் மகன்தான் தலைவர். என்னைவிட இளையவர், வாய் நிறைய அக்கா என்பார். நல்ல பையன். அதை இப்போதும் மறுக்கமாட்டேன், என் எரிச்சலுக்குப் பாதிக் காரணமே அதுதான்.

வெல்லவாயப் பக்கத்துத் தரையில் விடிகாலையில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் மலை உச்சிக்கு வருவதாகத் திட்டம். கீழே முள்ளுக்காடும் செம்மண் புழுதியும். மழை பொய்த்த மாதங்களில் அங்கே ஒரு பச்சை இலையைப் பார்க்க முடியாது, கல்லில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும். அதைத் தாண்டினால் காடு, பிறகு மானாப்புல், பிறகு தேயிலை, கடைசியில் சுவெட்டர் போட்டாலும் நடுங்க வைக்கிற மூடுபனி. சின்ன வயதில் எங்கள் லயத்து வாசலில் நின்று அந்தக் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் வளைந்து வளைந்துதான் வந்திருக்கிறேன். ஒரு தடவையாவது என் சொந்தக் காலால் ஏறி வரவேண்டும் என்று ஆசை. வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

ஆசைப்பட்டுவிட்டேனே, ஒழுங்காகத் தயாரானேன். புதுச் சப்பாத்தை வாங்கின அன்றைக்கே போட்டுக்கொண்டு நடந்தால் குதிகால் உரிந்துவிடும் என்று, தினமும் வேலை முடிந்து அதைப் போட்டுப் பதுளை மேட்டையெல்லாம் ஏறி இறங்கினேன். சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்குப் போய், பாரத்துக்காக முதுகுப் பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு மலைப் பாதையில் ஏறினேன். தண்ணீர் எவ்வளவு வேண்டும், உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் எந்தப் போத்தலில், கால் நகத்தை எப்போது வெட்டுவது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தேன்.

குழுவில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. மலையில் அட்டை என்று ஒன்று இருக்கிறதாம், அது ஆளைக் கடிக்குமாம், சோக்ஸில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம். இதைத் தலைவர் எனக்கு எடுத்துச் சொன்னார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். அட்டையோடு வளர்ந்தவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கொஸ்லந்தை என்று சொல்லியிருந்தேன், கடைவீதிக் குடும்பம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று யாரும் கேட்கவில்லை. பிறந்த இடத்தை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற வழக்கம் எனக்கும் இல்லை.

நடைக்கு முந்தைய வாரம் ஊருக்குப் போனபோது தங்கை வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோழி அடைகாத்த கூடை அது. எங்கள் தோட்டத்தில் இப்போது யாரும் கூடையில் கொழுந்து எடுப்பதில்லை, எல்லாம் நைலோன் பைதான்.

"என்னத்துக்குடி இது?" என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பதுளையில இருந்து பெரிய ஆளுகள் வர்றாங்களாம். கீழருந்து நடந்தே ஏறி வாராங்களாம். நம்ம லயத்துல தேத்தண்ணி குடிச்சிட்டு படம் புடிப்பாங்களாம். பை வேணாம், கூடையத் தலையில மாட்டிக்கிட்டு, இடுப்புல படங்கு கட்டிக்கிட்டு வரிசையா நிக்கணும்னு கணக்கப்புள்ள காலப் பெரட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. புள்ளைகளுக்கு எழுதுற கொப்பி குடுப்பாங்களாம்."

"ஞாயித்துக்கெழமையிலயா? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லலாம். திங்கக்கெழம நெட்டுக்குத்தான மலையில கொண்டுபோய் நிறுத்துவாரு. பத்து நிமிஷம் நின்னா என்ன இப்போ?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது மடல் எரிந்தது. எங்கள் திட்டத்தில் "மதியம், தோட்டத்தில் தேநீர்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, நல்லது, கொஞ்சம் உட்காரலாம் என்று சந்தோஷப்பட்டவள் நான். அந்தத் தேநீர் என் வீட்டு வாசலில்தான், அதற்கு என் தங்கை வேஷம் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"அவங்க எங்க ஆளுகதான். நானும் அதுல வாறேன்" என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப உனக்கு முன்னாடியுமா நான் நிக்கணும்?" என்று கேட்டாள். அதுவரைக்கும் அவளுக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. அந்த வெட்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

கடைசி ஆயத்தக் கூட்டம் இரும்புக்கடை மேல்மாடியில் நடந்தது. எல்லோரும் தொப்பியையும் கைத்தடியையும் பரப்பி வைத்துக்கொண்டு குதூகலமாக இருந்தார்கள். நான் எழுந்து நின்று, லயத்தில் படம் எடுக்கிற வேலை வேண்டாம், அங்கே நிற்கப்போகிறவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த தங்கை என்றேன்.

தலைவர் முகம் மலர்ந்து, "நீங்க தோட்டமா அக்கா? பாத்தா தெரியவே இல்லையே!" என்றார்.

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

"தெரியுற மாதிரி இருக்கணும்னா எப்பிடி இருக்கணும் தம்பி? கூடை மாட்டிக்கிட்டா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நல்லதுதானே செய்றோம், கொப்பியெல்லாம் குடுக்கிறோம்..."

"நல்லது செய்யணும்னா ஞாயித்துக்கெழம அவளக் கொஞ்சம் தூங்க விடுங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, பெரிய மனது பண்ணுகிற குரலில், "சரிக்கா, உங்க தங்கச்சி இருக்கிற லயம் வேணாம். பக்கத்து லயத்துல வெச்சுக்குவோம். கணக்கப்புள்ளகிட்ட நான் பேசுறேன்" என்றார். இதுதான் சரியான முடிவு என்று எல்லோருக்கும் திருப்தி. அடுத்த பேச்சு கூலிங் கிளாஸ் பற்றிப் போய்விட்டது.

பக்கத்து லயம் மட்டும் யாருடையது? பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை, நடையை விட்டுவிட்டு, சப்பாத்தோடும் நிரப்பிவைத்த போத்தல்களோடும் ஊருக்குப் பஸ் ஏறினேன். "எனக்கு விடுதல குடுத்திட்டாங்க" என்றாள் தங்கை. பக்கத்து லயத்தில் இருந்த, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவளை நிற்கச் சொல்லியிருந்தார்களாம். கூடை இல்லையென்று இவளிடம் இரவல் கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

ஞாயிறு மதியம் பக்கத்து லயத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். என் பழைய கூட்டாளி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கூடையை என்னிடம் கொடு என்றேன். "ஒனக்குக் கிறுக்கா?" என்றாள். கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு கழுவியும் கோழி வாடை போகவில்லை.

அவர்கள் வந்தார்கள். முகமெல்லாம் செம்புழுதி, உதடு வெடித்து, ஒருவர் நொண்டிக்கொண்டு. கீழேயிருந்து ஏறியிருக்கிறார்கள். நான் ஏறவேண்டிய மலை. பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வளைவிலேயே போன்களை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். கிட்டே வந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். கை தானாக இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

"எடுங்க தம்பி" என்றேன்.

"அக்கா, வேணாம்க்கா..."

"ஏன்? இவங்கள எடுக்கலாம், என்னைய எடுக்கக் கூடாதா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கூட்டாளிக்கு இந்தத் தாமதம் ஒன்றும் விளங்கவில்லை. "சீக்கிரம் புடிங்கய்யா, ஒலையில அரிசி கெடக்கு" என்று சத்தம் போட்டாள்.

ஒருவரும் போனைத் தூக்கவில்லை.