ஆம்புலன்ஸுக்காகச் சீட்டு விற்கும் ஆர்லிஸ்

கர்ட் நடத்தும் பாருக்குள் நுழைந்ததும் இடது பக்கம் மரத்தில் அடைத்த ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. ஒருத்தர் உட்காரலாம், கால் நீட்ட முடியாது. ஆர்லிஸ் என்கிற அம்மாள் அதற்குள் உட்கார்ந்துதான் தலை நரைத்தார். கண்ணாடி ஜாடியில் கிழிசீட்டுகள். பணம் நீட்டினால் எண்ணி எடுத்துக் கொடுப்பார். கிழித்துப் பார்த்து, பரிசு இருந்தால் அவரிடமே கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சீட்டைத் தரையில் போட்டுவிட்டு மறுபடி நீட்ட வேண்டும். எதிர்ச் சுவரோரம் அதே சீட்டைத் திரையில் கிழிக்கும் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன.

இந்த ஆட்டத்தின் லாபத்தை எங்கள் வட டகோட்டாவில் பார்க்காரர் தொட முடியாது. ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்குத்தான் அது போக வேண்டும். கர்ட்டுக்கு இடத்து வாடகை மட்டும். எங்கள் ஹால்வர் ஊருக்குத் தர்ம காரியம் என்றால் ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் போக வேண்டும், குளிர்காலத்தில் அதற்கும் மேலே. வண்டி, டயர், ஆக்சிஜன் எல்லாம் அந்த ஜாடியிலிருந்தும் மெஷினிலிருந்தும்தான். சீட்டு விற்கும் உரிமம் ஆர்லிஸ் பெயரில். வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முன்வரவில்லை.

சில வருஷங்கள் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து நான் அந்த பாரில் தட்டு தூக்கச் சேர்ந்தேன். மற்றவர்கள் என்னென்ன ஊர் பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். ஆர்லிஸ் கேட்டது வேறு. முகம் தெரியாத ஊரில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து ஏதாவது கேட்பார்களா என்றார். கேட்க மாட்டார்கள் என்றேன். அதை நம்பாதவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். அரிசோனாவில் இருக்கும் மகள் வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இவர் போனால் தடுப்புக்குள் யார் உட்காருவது?

அவருடைய அண்ணன் ஓர்வில். மனைவி இறந்த பிறகு மாடுகளை விற்றார். பிறகு தினமும் மத்தியானச் சூப்புக்கு வந்து, சூப் முடிந்ததும் மெஷின் முன்னால் உட்கார ஆரம்பித்தார். ஒரு குளிர்காலம் அந்த நாற்காலியிலிருந்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனதால் பிழைத்தார். அதற்குப் பிறகு தான் தோற்கும் பணத்துக்கு அவர் வைத்த பெயர் சந்தா. "ஓர்வில், இந்த மாசம் டயரா, ஸ்ட்ரெச்சரா?" என்று பாரில் கிண்டல் செய்வார்கள். "ரெண்டுந்தான், நீயும் ஒரு நாள் அதுல படுக்கணும்ல" என்பார். வீட்டுக்கு வடக்கே இருந்த கோதுமை நிலம் கைமாறியபோது மட்டும் யாரும் கிண்டல் செய்யவில்லை. அடுத்தவர் நிலத்தைப் பற்றியும் பர்ஸைப் பற்றியும் பேசுவது எங்கள் பக்கம் அநாகரிகம். கூடப்பிறந்தவளும் பேச மாட்டாள்.

அந்த ஜனவரியில் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. மளிகைக் கடைகளிலும் பீரும் ஒயினும் விற்கலாம் என்பது ஒரு பகுதி. ஒவ்வொரு பாரிலும் மெஷின்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது இன்னொரு பகுதி. கர்ட் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தலைநகர் பிஸ்மார்க்கில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஆர்லிஸ்தான் போக வேண்டும் என்றார்.

"நான் போனா பார்க்காரன் ஒப்பாரி வைக்கிறான்னு சொல்லுவாங்க. நீ போனா ஆம்புலன்ஸே வந்து பேசின மாதிரி."

ஆர்லிஸ் சரி என்றார். அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். மெஷின் குறைந்தால் அண்ணனுக்கு உட்கார இடம் கிடைக்காமல் போகலாம், அதனால் மசோதா ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறதாம். ஜெயித்தால் அடுத்த குளிர்காலத்துக்கு வண்டி இருக்காதாம். சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவர் மாதிரி ஜாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

சாலையெல்லாம் பனி இறுகிக் கிடந்ததால் நான்தான் கார் ஓட்டினேன். துக்க வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர்வில்லும் வந்து எங்கள் இருவரோடும் முன் இருக்கையிலேயே நெருக்கி உட்கார்ந்துகொண்டார், தானும் பேசப் போவதாக. கூட்ட அறை வாசலில் பெயரைப் பதிய வேண்டும். ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று கேட்டார்கள். ஓர்வில் எதிர்ப்பு என்று உரக்கச் சொன்னார். ஆர்லிஸ் நடுநிலை. எங்கள் ஆட்கள் அப்படித்தான், சொந்த வீடு பற்றி எரிந்தாலும் நடுநிலை என்று எழுதிக் கொடுப்பார்கள்.

முதலில் ஓர்வில்லைக் கூப்பிட்டார்கள்.

"நான் செத்திருக்க வேண்டிய ஆளுங்க. அந்த மெஷின் வாங்கிக் குடுத்த வண்டிதான் என்னைத் தூக்கிட்டுப் போச்சு. மெஷினைக் குறைச்சா அடுத்த ஆளைத் தூக்க வண்டி இருக்காது. அவ்வளவுதான்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓர்வில் நிமிர்ந்து நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆர்லிஸ் வண்டிச் செலவு எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று சொல்லி முடித்தார். குழுவில் இருந்த ஒரு அம்மாள், அந்த மெஷினால் சீரழிந்தவர் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆர்லிஸ் கையிலிருந்த கணக்குத் தாளை மடித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒருத்தரைத் தினமும் பாக்கறேங்க. அவருக்குச் சில்லறை மாத்திக் குடுக்கறதே நான்தான்."

"விட்டுடுங்கன்னு அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க. அவர் விட்டா வண்டி நின்னுடும்."

அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்மார்க்கில் இருப்பவர்களுக்கு அது யாரோ ஒருவர். ஆனால் ஹால்வரில் கர்ட்டின் பார் டிவியில் கூட்டத்தின் நேரடி ஒளிபரப்பை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பாதி வழி தாண்டியிருந்தோம்.

"என்னையா சொன்ன?" என்றார் ஓர்வில்.

"ஆமாண்ணே."

"நான் சந்தா குடுக்கறேன். நீ என்னைச் சீரழிஞ்சவன்னு சொல்லிட்ட."

பெட்ரோல் போட நிறுத்தியபோது ஓர்வில் இறங்கி, பின் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

மசோதா பாதி ஜெயித்தது. மளிகைக் கடைக்கு ஒயின் வந்தது. மெஷின் பகுதியை, ஆராய்ந்து பார்க்கலாம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். விவாதத்தில் ஓர்வில் பேசியதை எடுத்துச் சொன்னார்கள், ஆர்லிஸ் பேசியதை யாரும் சொல்லவில்லை. கர்ட் கோபப்படவில்லை. ஆர்லிஸிடம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தார், அது இன்னும் மோசம்.

கூட்டத்துக்குப் பிறகு ஓர்வில் பார் பக்கமே வரவில்லை. ஆர்லிஸுக்கு முதலில் நம்ப முடியவில்லை, பிறகு முகமே மலர்ந்தது. வசந்தத்தில் அரிசோனா போனால் என்ன உடுப்பு எடுத்துப் போவது என்று என்னிடம் கேட்டார். என்னிடமிருந்த மெல்லிய சட்டை ஒன்றைக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் தானிய லாரி ஓட்டும் ஒருவர் பர்கரைக் கடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். ஓர்வில்லின் பிக்கப் தினமும் டன்பி ஊர் பார் வாசலில் நிற்கிறதாம். டன்பி முப்பது மைல். அங்கே மெஷின் பணம் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போகிறது. அந்த ஊரில் யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸ் எங்கிருந்து போகும் என்று கேட்டேன். லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இங்கேர்ந்துதான். வேற எங்கேர்ந்து?"

ஆர்லிஸ் லாரிக்காரர் வாங்கிய சீட்டுக்கு மீதிச் சில்லறை கொடுத்து முடித்தார். பிறகு தடுப்புக்குள்ளேயே இருந்து அண்ணனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, இங்கேயே வந்துடு."

அந்தப் பக்கம் ஓர்வில் ஏதோ சொன்னார்.

"ஆமா, நீ தோக்கறதை வேடிக்கை பாக்கத்தான். விழறதுன்னா என் கண்ணு முன்னாடி விழு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல, இனிமே எதுவும் பேச மாட்டேன். சத்தியமா."

மறுநாள் மத்தியானம் ஓர்வில் வந்தார். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சூப்பைக் குடித்தார். பிறகு தடுப்பருகே வந்து ஒரு நோட்டை நீட்டினார். ஆர்லிஸ் மாற்றிக் கொடுத்தார். இத்தனை நாள் எப்படிப் போனது என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

அன்றைக்குச் சீட்டு கேட்டு வந்தவர்கள் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரோரம், வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்த திரைக்கு முன்னால், ஒரு பழைய கோட்டின் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று ஆர்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.