எனக்காகப் பரீட்சைக்கு வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பழைய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த சிவண்ணா பேசினார்.

"தேவராஜு ஹோக்பிட்ரு சார்," என்றார். போய்விட்டார். விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று தாமே நடந்து வந்து ஆட்டோவில் ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சாயங்காலம் எடுக்கறாங்க. நீங்க வருவீங்களா சார், இல்ல..." என்று சிவண்ணா இழுத்தார். அந்த இழுப்பு எனக்குப் புரிந்தது. நானும் தேவராஜும் பேசிக்கொள்வதில்லை என்பது பீன்யாவில் எங்கள் தொழிற்சாலைக் கேட்டுக்குள் நுழைந்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

"பார்க்கிறேன்," என்றேன். மீதி முகத்தையும் மழித்து முடித்தேன். அன்று நான் போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. தேவராஜ் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். அவருடைய தந்தை நகரசபையில் வேலை பார்த்தார். தேவராஜ் எங்கள் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசராக உயர்ந்தவர். பருத்த உடல், அதைவிடப் பருத்த குரல். பளபளக்கும் சட்டைகளை விரும்பிப் போடுவார். யார் மேஜையருகே நின்றாலும் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்காமல் போகமாட்டார். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடித்து, நடுவில் உருதுவில் ஒரு வசையும் வைப்பார். அவரை அடக்கமானவர் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

நான் டூல் ரூமில் சூப்பர்வைசர். மல்லேஸ்வரத்துக்காரன். எங்கள் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்தின் மிடுக்கை எங்கள் குடும்பம் மூன்றாவது தலைமுறையாக வைத்துக்கொண்டிருந்தது. உத்தியோகந்தான் கைவிட்டுப் போயிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பர்சனல் ஆபீசர் பதவி காலியானபோது, பட்டம் பெற்றவனும் மூத்தவனும் நான்தான் என்பதால் எனக்கே வரும் என்று நம்பினேன். தேவராஜுக்கு வந்தது. காரணம் கேட்க மேனேஜர் அறைக்குப் போனேன். "ராகவன், உங்களுக்கு மெஷினோடு பழகத் தெரியும். ஆட்களோடு பழகத் தெரியாது," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. மேனேஜரிடம் கோபத்தைக் காட்ட முடியாது. ஆகவே தேவராஜிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாளும் அவர், "சார், இன்னிக்கு என்ன டிபன்?" என்று என் மேஜைக்கு வந்தார். நான் டப்பாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்தார். "சரி, பூட்டுக்குப் பசி போல," என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அதன்பின் வரவில்லை.

இரண்டாவது யூனிட் ஒன்று வரப்போகிறது, அதற்கும் ஒரு பர்சனல் ஆபீசர் தேவைப்படும் என்று பேச்சு எழுந்தது. ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்று காகிதத்தில் நிரூபித்துவிட்டால், அந்த மேனேஜர் வாயை மூடிக்கொண்டு பதவியைக் கொடுத்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் உளவியல் அறிமுக வகுப்பு நடத்தியது. வருடக் கடைசியில் பரீட்சை, சான்றிதழ். சேர்ந்தேன்.

சேர்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்நாளில் சைக்காலஜி என்று வாயெடுத்தால், வீட்டில் யாருக்குப் புத்தி சரியில்லை என்று கேட்பார்கள். பாடப் புத்தகத்துக்கு நியூஸ் பேப்பரில் அட்டை போட்டுப் பஸ்ஸில் எடுத்துப் போனேன். வகுப்பில் நர்சுகள், கன்னியாஸ்திரீகள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள் என்று பலர் இருந்தார்கள். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். பாடம் நடத்திய ஆசிரியையும்கூட. ஒவ்வொரு பாடத்தையும் நான் பிறர்மேல் போட்டுப் பார்த்தேன். தன் குறையை அடுத்தவன்மேல் ஏற்றுவதைப் பற்றிச் சொன்னபோது மேனேஜர் நினைவுக்கு வந்தார். தாழ்வு மனப்பான்மையை மறைக்கச் சத்தம் போடுகிறவர்கள் என்றதும் தேவராஜ் வந்தார். என் முகம் ஒரு பாடத்திலும் எனக்குத் தெரியவில்லை. டெஸ்ட்டுகளில் நல்ல மார்க் வாங்கினேன்.

எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. உளவியலில் சோதனை செய்யக் கருவி மட்டும் போதாது, அதில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். பரீட்சைக்கு அந்த மனிதரைக் கல்லூரி தராது. எழுதுகிறவர்தான் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் நம் வகுப்பு ஆளாக இருக்கக்கூடாது. ஆள் இல்லாமல் போனால் பரீட்சை இல்லை. ஆசிரியை இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. "எங்கம்மாவ கூட்டிட்டு வரேன் மிஸ், நல்லா திட்டுவாங்க," என்றாள் ஒருத்தி.

யாரைக் கூப்பிடுவது? மனைவியைக் கேட்டேன். "உங்களோட குடித்தனம் பண்றதே எனக்குப் பரீட்சைதான். இன்னொண்ணு வேறயா?" என்றாள். பிறகு சற்று இரங்கி, பரீட்சையன்று அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது, லீவு கிடைக்காது என்றாள். என் தம்பி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் மனஸ்தாபம். கல்லூரிக் காலத்து நண்பன் என் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவனை எப்போதோ தள்ளிவைத்திருந்தேன். ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றோடும் ஒரு வழக்கு இருந்தது. எல்லா வழக்கிலும் நியாயம் என் பக்கம்தான். ஆனால் அரை நாள் வந்து என் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார, இத்தனை பெரிய ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.

பரீட்சைக்கு அரை நாள் லீவு எடுக்க வேண்டியிருந்தது. லீவு கொடுக்கிறவர் தேவராஜ். கல்லூரி நோட்டீசை இணைத்து எழுதிக் கொடுத்தனுப்பினேன். என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"பரிட்சையா சார்? இந்த வயசுலயா? பேஷ்!" என்றார். நோட்டீசை முழுவதும் படித்தார். "கூட ஒரு ஆள கூட்டியாரணும்னு போட்டிருக்கே. யார் வர்றாங்க?"

"அது ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பரீட்சையன்று கல்லூரி வாசலில் மற்றவர்கள் தத்தம் அம்மா, மாமா, சிநேகிதி என்று ஜோடி ஜோடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக, யாரையோ எதிர்பார்ப்பவன்போல நடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று தீர்மானித்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பச்சைச் சட்டையில் தேவராஜ்.

"நானும் அரை நாள் போட்டுட்டேன். வாங்க சார், எங்க உக்காரணும்?"

நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். "உங்களை யார் வரச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. வேற ஆளு வந்துட்டாங்கன்னா சொல்லுங்க, போயிடறேன்."

நான் உள்ளே நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.

எனக்குக் கண்ணாடிச் சோதனை விழுந்தது. பலகையில் உலோகத்தாலான ஒரு நட்சத்திரம். கையையும் நட்சத்திரத்தையும் ஒரு தடுப்பு மறைத்துவிடும். எதிரே உள்ள கண்ணாடியில் மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் பாதை வழியாகக் குச்சியை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரிவதால் கை சொன்னபடி கேட்காது. ஓரத்தில் இடித்தால் மணி அடிக்கும். திரும்பத் திரும்பச் செய்யும்போது தவறுகள் குறைய வேண்டும். அதைக் கணக்கெடுத்துக் காட்டுவதுதான் என் பரீட்சை.

தேவராஜ் கை வைத்ததும் அடிக்க ஆரம்பித்த மணி நிற்கவேயில்லை. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து, உருதுவில் முணுமுணுத்தார். மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மையார் எங்கள் மேஜைக்கு வந்து, "இவரு நிமகே ஏனாகபேகு?" என்று என்னைக் கேட்டார். இவர் உங்களுக்கு என்ன உறவு? அது எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்விதான். நான் தாளில் குறித்த தவறுகளைக் கூட்டத் தொடங்கினேன்.

தேவராஜ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாவிப்ரூ மாத்தாடல்ல மேடம்," என்றார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அவர் வேடிக்கை பேசுவதாக நினைத்து அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தேவராஜும் சிரித்தார். மணி மறுபடியும் அடித்தது.

மெல்ல மெல்ல அவர் கை வழிக்கு வந்தது. கடைசிச் சுற்றில் ஒரே ஒரு தடவைதான் மணி கேட்டது. "பாத்தீங்களா சார்!" என்று ஹாலே அதிரக் கூவினார். சோதனை முடிந்ததும், உட்கார்ந்தவர் என்ன உணர்ந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: "நேரா போறதா நெனச்சுதான் சார் போறேன். இடிச்சப்புறம்தான் தெரியுது. மணி மட்டும் அடிக்கலன்னா, நான் சரியாத்தான் போறேன்னு சத்தியமே பண்ணுவேன்." அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும், "பை-டூ காபி சொல்லட்டா சார்?" என்றார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிக்கும் இந்த ஊர்ப் பழக்கம். எனக்கு வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை எதுவுமில்லாமல் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன்.

நான் தேறினேன். இரண்டாவது யூனிட்டின் பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது. ஒரு ஆளைக்கூடக் கூட்டிவர முடியாதவன் என்று தேவராஜ்தான் மேனேஜரிடம் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்தேன். கேண்டீனில் யார் சிரித்தாலும் என் பரீட்சைக் கதையைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சில வருடங்களில் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. முதலில் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பிரிவுபசாரத்தில் அவர் கை நீட்டினார். நான் கும்பிடு போட்டேன்.

புதன்கிழமை மாலை ஸ்ரீராம்புரம் போனேன். சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் கிடந்தன. அவர் மனைவி பரமேஸ்வரி அம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எந்த செக்ஷன் சார் நீங்க?"

"டூல் ரூம். ராகவன்."

அவர் முகத்தையே பார்த்தேன். என் பெயர் அதில் எதையும் அசைக்கவில்லை.

"கேட்டாப்ல இல்லையே சார். அவரு வாய்ல ஒண்ணும் நிக்காது. யார் டப்பால என்ன கொழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்ட, எல்லாம் வந்து கொட்டிடுவாரு. உங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லையே."

இத்தனை வருடங்கள் ஊரே அறிந்து சிரிப்பதாக நான் சுமந்த கதை அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே வரவில்லை. என் மானத்தை எண்ணி இது ஒன்றை மட்டும் அவர் மறைத்தாரா? அல்லது ஒருவருக்காக அரை நாள் போய் உட்கார்ந்தது, வீட்டில் சொல்லுமளவுக்குப் பெரிய விஷயமாக அவருக்குப் படவேயில்லையா? இனி யாரிடம் கேட்பது? எதுவாக இருந்தாலும், தலைகுனிய வேண்டியவன் நான்தான்.

எழுந்து வந்திருக்கலாம். ஏனோ, "ஒரு தடவ எனக்காகப் பரீட்சைக்கு வந்தாருங்க," என்றேன்.

"யாரு, இவரா? பரிட்சைக்கா?" பரமேஸ்வரி அம்மாள் அழுதழுது வீங்கிய முகத்தோடு சிரித்துவிட்டார். "பியூசிய விட்டு விட்டு எழுதினவரு சார்! ஏ கவிதா, இங்க வாம்மா. அப்பா பரிட்சைக்குப் போனாராம்!"

மகள் வந்தாள். உறவினர்கள் வந்தார்கள். மணி அடித்ததையும் அவர் உருதுவில் முணுமுணுத்ததையும் சொன்னேன். அந்த வீடு சிரித்தது. கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கள்ளமில்லாமல் கேட்டாள்: "அங்கிள், ஏன் அப்பாவ கூட்டிட்டுப் போனீங்க? உங்க வீட்ல யாரும் வரலையா?"

"யாரும் இல்லம்மா. எல்லார்கிட்டயும் சண்ட எனக்கு. உங்கப்பாகிட்டயும்தான்."

பரமேஸ்வரி அம்மாள்தான் முதலில் பேசினார். "அதனால என்ன சார். அவரு வந்தாரில்ல."

அப்போது ஜீவனஹள்ளியிலிருந்து தேவராஜின் அக்கா மறுபடியும் வந்தார். அழுகை ஒருமுறை எழுந்து ஓய்ந்தது. பிறகு பரமேஸ்வரி அம்மாள் அவரை என் பக்கத்தில் உட்காரவைத்தார். "அண்ணி, இவரு சொல்றதக் கேளுங்க. உங்க தம்பி பண்ண கூத்து. சார், மொதல்லேர்ந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். இம்முறை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆள் இல்லாமல் போனதை நானே சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் வந்து நின்ற கட்டத்துக்குப் போனேன்.

பதினாறாம் நாளுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று வருகிறவர்கள் இன்னும் அதிகம் இருப்பார்களாம். அவர்களும் கேட்க வேண்டுமாம். போவேன், தேவராஜ். நீங்கள் அமைதியாகப் போய் வாருங்கள். சொல்ல வேண்டியதை இனி நான் சொல்லிக்கொள்கிறேன்.