முகம் வந்த பிறகுதான் சோறு

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. இடம் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஏறினால் வரும் ஒரு சிற்றூர். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தினமும் நாட்குறிப்பு எழுதுகிற, எதையும் நேரப்படி செய்கிற ஆள் நான். என் மனைவி வேடிக்கையாக, "சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் இவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம்" என்பாள்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தில் கிராமங்களுக்குப் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பொருத்தி, படம் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது என் வேலை. மற்ற நாட்களில் மாலையில்தான் நிகழ்ச்சி. பகலில் படம் தெரிய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும். எனக்கும் அது பிடித்த வேலைதான். எங்கள் வீட்டில் அப்போதுதான் பெட்டி வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சிக்குத் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பது பாட்டைவிட எனக்கு சுவாரசியம். மலையில் முதன்முதலாகப் பார்க்கிறவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று ஆசையோடுதான் கிளம்பினேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது இரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. காலையில் நானே ஊசி போட்டுக்கொள்வேன். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஊசி போட்ட அன்று மதியச் சாப்பாடு தள்ளிப்போகவே கூடாது. போனால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். முதலில் வேர்க்கும், கை நடுங்கும், பிறகு நினைவு தப்பும், அதற்குப் பிறகு என்ன ஆகுமென்று சொல்ல முடியாது. அப்படி ஏதாவது தோன்றினால் உடனே இனிப்பாக எதையாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இது வீட்டுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் தெரிந்தால் நோயாளி என்று முத்திரை குத்தி வெளியூர் வேலை எதற்கும் அனுப்ப மாட்டார்கள் என்று பயம். ஆனால் கவலைப்படவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு, தவறினால் தோள்பையில் பிஸ்கட் பாக்கெட் என்று எல்லாம் ஏற்பாடாக இருந்தது.

ஜீப்பில் டிரைவர், நான், ஒரு இளம் டெக்னீஷியன், மடியில் குழந்தை மாதிரி பெட்டி. டிரைவர் வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தார். வளைவுகளில் சுருதி ஏறும், மேட்டில் இறங்கும். ஊர் எல்லையிலேயே எங்களை மறித்துவிட்டார்கள். மேளமும் பறையும் காத்திருந்தன. பெட்டியை இறக்கி, மஞ்சள் துணி சுற்றி, ஒருவர் தலையில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். முன்னால் ஆட்டம், பின்னால் பெண்கள் பாட்டு. பள்ளிக்கூடத்தில் மேசை மேல் பெட்டியை வைத்து, எதிரே சாமை மாவில் தேன் விட்டுப் பிசைந்த மாவிளக்கு ஏற்றினார்கள். அதைப் பிசைந்தது ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரின் தங்கை. ஐம்பது வயதிருக்கும், பெரிய குரல். பக்கத்து வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. மணி பன்னிரண்டு. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்தேன்.

ஆன்டெனாவைப் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்தால் எதிரே மலை மறைத்தது. பாறை மேட்டில்தான் நட வேண்டும் என்றார் டெக்னீஷியன். அதற்கு ஒயர் போதவில்லை. அடுத்த ஊரில் போன வாரம் வேலை முடித்து மிச்ச ஒயரை வைத்திருந்தோம். "ஜல்தியா வந்துடறேன் சார்" என்று டிரைவர் ஜீப்பைத் திருப்பினார். ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் என் தோளைத் தொட்டுப் பார்த்தேன். பை இல்லை. முன் சீட்டிலேயே இருந்துவிட்டது.

மணி ஒன்று ஆனது. ஜீப் வரவில்லை. நான் கொஞ்சம் இருமிக்கொண்டு ஊர்க் கவுண்டரிடம், "சாப்பாட்டை முடிச்சிட்டு வேலையைப் பார்க்கலாமா?" என்றேன்.

அவர் சிரித்தார். "அதெப்படிங்க? பெட்டியில முகம் தெரியாம இந்த ஊர்ல யாரும் கை நனைக்க மாட்டாங்க. கொழந்த குட்டிக்கு மட்டும் கஞ்சி ஊத்தியாச்சு."

புதிதாக எது ஊருக்குள் வந்தாலும் அதுதான் அங்கே வழக்கமாம். கிணறு வெட்டினால் தண்ணீர் கண்ட பிறகு. கரண்ட் வந்தபோது பல்பு எரிந்த பிறகு.

"கரண்ட் வந்த அன்னிக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கா? மறுநா தாங்க சாப்ட்டோம்" என்றார் பெருமையாக.

அப்போதாவது வாயைத் திறந்து எனக்கு இப்படி ஒரு வியாதி என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் டெக்னீஷியன் நின்றிருந்தார். திங்கட்கிழமை அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு பத்து நிமிடம்.

ஒயர் வந்தது, ஆனால் ஜீப் வரவில்லை. வழியில் டயர் பஞ்சராம். ஒயர்ச் சுருளை மட்டும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து டிரைவர் அனுப்பியிருந்தார். அவர் தோளில் ஒயர் தொங்கியது. என் பையும் தொங்குகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை.

டெக்னீஷியன் பாறை மேட்டுக்கு ஓடினார். இங்கே நான் பெட்டி முன்னால் உட்கார்ந்து படம் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். நடுவில் நாலைந்து பேர் நின்று என் சொல்லை மேட்டுக்கும், மேட்டின் சொல்லை எனக்கும் கத்திக் கடத்தினார்கள். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். "இல்லை" என்றேன். "இல்லியாம்... இல்லியாம்..." என்று அது மேடேறிப் போனது. எனக்கு நெற்றி வேர்க்க ஆரம்பித்தது. மலைக் காற்று குளிர்ந்து வீசிக்கொண்டிருக்க, என் சட்டை முதுகோடு ஒட்டியது.

திடீரென்று பெட்டியிலிருந்து ஒரு பெண் பாடும் குரல் கணீரென்று கேட்டது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. முகமில்லாமல் பாட்டு மட்டும். எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன், அன்று போல் ஒரு பாட்டை நான் நன்றியோடு கேட்டதில்லை.

"பாட்டு வந்தாச்சு இல்ல, சோத்தப் போடு கவுண்டரே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ரேடியோலயுந்தான் பாட்டு வருது" என்றார் கவுண்டர். "அதுக்கா மேளம் கட்னோம்?"

"கொரல் வந்தா ஆளு வந்த மாதிரிதான?"

"உன் பொண்டாட்டி உள்ளருந்து கொரல் குடுத்தா நீ வெளிய நின்னே சாப்ட்டுக்குவியா? முகம் வர்ட்டும்பா."

ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வரும் போல் இருந்தது. என் உயிர் அந்த வழக்கில் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். சொம்பு என் கையில் ஆடி, பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. உதடு மரத்தது. மேட்டிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லச் சொற்கள் கிடைக்கவில்லை. திரையில் புள்ளிகள் பறந்தன. சுவரைப் பார்த்தேன், அங்கேயும் பறந்தன. பெட்டியில் இருப்பதா என் கண்ணில் இருப்பதா என்று பிரித்தறிய முடியவில்லை. காரணமில்லாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது. பிறகு வீட்டு ஞாபகம். மனைவி இந்நேரம் சாப்பிட்டு முடித்து, எனக்குத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள் என்று நினைத்தது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

எப்போது முகம் வந்தது என்று எனக்குத் தெரியாது. பறை முழங்கிய சத்தத்தில்தான் தலை நிமிர்ந்தேன். திரையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஏதோ வடக்கத்திப் படம், பாஷை புரியவில்லை. "யாரு செத்துட்டாங்களாம்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

கவுண்டரின் தங்கை மாவிளக்கை அணைத்து, முதல் உருண்டையைப் பிடித்து, பெட்டி கொண்டுவந்த எனக்கு நீட்டினார். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். எனக்கு அந்த நொடியில் வேண்டியது அந்த ஒரு உருண்டைதான். ஆனால் மங்கிப்போன மூளையில் இரண்டு வருடப் பழக்கம் ஒன்றுதான் பாக்கியிருந்தது. கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

"வேண்டாம்மா. எனக்கு இனிப்பு ஆகாது."

அந்த அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. பறை ஓய்ந்தது.

"ஆவாதா?" என்றார். "கீழருந்து வர்ற ஆபீசருங்க அல்லாருக்கும் இதே நோவுதான். எங்க வூட்டுக் கஞ்சி ஆவாது, எங்க வூட்டுத் தண்ணி ஆவாது. போவும்போது மட்டும் பாட்டில்ல தேன் குடுத்தா நல்லா ஆவும். நாங்க தொட்டுக் குடுத்தா இன்னா சார், கையா ஒட்டிக்கும்?"

"சும்மா கெட தங்கச்சி" என்றார் கவுண்டர்.

"நீ சும்மா கெட. காலைலருந்து பட்டினி கெடந்து பிசைஞ்சது நானு."

பசி தெரியாத நிலையிலும் மானம் தெரிந்தது. அவர் எதை நினைத்துப் பேசுகிறார் என்பது எங்கோ உள்ளே உறைத்தது. அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை. கையை நீட்டி அந்த உருண்டையை வாங்கி வாயில் போட்டேன். விழுங்குவது பெரும்பாடாக இருந்தது. அவர் இன்னும் முறைத்துக்கொண்டே நின்றார். பயத்தில் இன்னொன்று கேட்டு வாங்கினேன். மூன்றாவதையும் தின்றேன்.

கொஞ்ச நேரத்தில் முதலில் திரும்பி வந்தது வாசனை. கோழிக்குழம்பு. பிறகு முதுகில் ஈரச் சட்டையின் குளிர். பிறகு சுவரில் பறந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கைகளைப் பார்த்தேன், நடுக்கம் குறைந்திருந்தது. அப்போதுதான் என்ன நடந்தது, என்ன நடக்க இருந்தது என்பது முழுதாகப் புரிந்தது. மறுபடியும் வேர்த்தது. அது பயத்தில் வந்த வேர்வை.

பந்தியில் சாமைச் சோறும் கோழிக்குழம்பும் போட்டார்கள். அந்த அம்மா எனக்கு எதிரே கரண்டியோடு வந்தபோது, டெக்னீஷியன் பக்கத்தில் இருப்பதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, வியாதி, ஜீப்போடு போன பை, எல்லாம்.

அவர் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டார். "சக்கர நோவுக்குச் சக்கரையே மருந்தா? இன்னா சார் கூத்து இது!" பிறகு குரல் இறங்கியது. "அய்ய, நான் வேற கண்டபடி பேசிட்டனே."

"நீங்க திட்டாம இருந்திருந்தா நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேம்மா."

கரண்டியைக் குழம்புச் சட்டியில் விட்டார். "அப்போ இன்னும் ரெண்டு திட்டு திட்டட்டுமா? கோழி இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க."

சாப்பிட்டு முடித்த பிறகு ஜீப் வந்து சேர்ந்தது. பையை எடுத்துக் கொடுக்கும்போது டிரைவர் தலையைச் சொறிந்தார். "டயர் கழட்டி மாட்டி ஒரே பேஜாராப் போச்சு சார். உங்க பிஸ்கோத்து இருந்துச்சா, பசிக்கு நானே துன்னுட்டேன்." ஆக, ஜீப் கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் பையில் ஒன்றும் இருந்திருக்காது.

படம் தெரிகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளே அலுவலகத்தில் வியாதியைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னை ஓரம்கட்டவில்லை. டிரைவர் மட்டும் அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மணி ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு ஜீப்பை ஓரம் கட்டுவார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கல்கண்டுப் பொட்டலம் உண்டு. வீட்டில் பெட்டியில் படம் போய்ப் புள்ளி பறந்தால், இன்றும் என் கை முதலில் அந்தப் பொட்டலத்தைத்தான் தேடுகிறது.

இருந்தாலும் அன்று என்னைப் பிழைக்க வைத்தது என் முன்யோசனை எதுவும் அல்ல, கை நீட்டிக் கொடுத்ததை மறுத்தேனே என்று ஒரு பெண்ணுக்கு வந்த கோபம்தான். ஆகவே இப்போதெல்லாம் யாராவது ஒன்றை எனக்கென்று எடுத்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நீட்டுகிறவரின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.