அண்ணன் வாங்கித் தந்த அடுப்பு

புதிதாக எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் உஷா முதலில் அதற்குப் பொட்டு வைத்துவிடுவாள். குங்குமம் அல்ல, அட்டையில் வரிசையாக ஒட்டி வரும், கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு. வாஷிங் மெஷினில் ஓடத் தொடங்கும் பட்டனுக்கு ஒன்று, மைக்ரோவேவில் முப்பது விநாடிக்கு ஒன்று, லிஃப்டில் எங்கள் மூன்றாவது மாடிக்கு ஒன்று. விரல் நுனியில் கல் நெருடினால் போதும், இடம் பிடிபட்டுவிடும். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இத்தனைக்கும் தன் நெற்றிக்கு வைக்க மறந்துபோய் ஆபீசுக்குக் கிளம்பிய நாள்கள் உண்டு.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அவளுக்கு எதிர் வீட்டுக்காரி நான். மொபைல் ஆப்களைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அதற்குச் சம்பளம் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அதே வேலையை என் மாமியார் இலவசமாகச் செய்கிறார். குறைக்கு அவர்கள் ஆபீசில் 'பக்' என்று பெயர். அந்தப் பழக்கம் உஷாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "அக்கா, உங்க ரசத்துல ஒரு பக் இருக்குது. பெருசு இல்ல, மைனர்தான். பெருங்காயம் மிஸ்ஸிங்."

முப்பத்து நாலு வயதில் இப்போதுதான் முதல்முறையாகத் தனி வீடு. அதற்கு முன் ஆறு வருஷம் பொம்மசந்திராவில் அண்ணன் ரகுவின் வீட்டில் இருந்தாள். ரகு அங்கே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தங்கை விஷயத்தில் இருபத்து நாலு மணி நேரமும் அதே உத்தியோகம். அந்த ஆறு வருஷமும் அவளை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை. தனி வீட்டுக்குச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். கேஸ் கூடாது, கரண்ட் அடுப்புதான். அதில் ஒரு மாதம் தானே சமைத்துச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு பொம்மசந்திராவுக்கே திரும்பிவிட வேண்டும். சொன்ன கையோடு விலை உயர்ந்த இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேடையில் பொருத்திவிட்டும் போனார். கறுப்புக் கண்ணாடி. தடவிப் பார்த்தால் ஒரே வழவழப்பு, மேடு பள்ளமே கிடையாது.

உஷா வழக்கம்போல் பொட்டு வைத்தாள். ஆனால் அவை தொட்டாலே வேலை செய்துவிடுகிற பட்டன்கள். பொட்டைத் தேடிப் போகிற விரல், வழியில் நாலு பட்டனை உசுப்பிவிட்டுத்தான் போய்ச் சேரும். சூட்டைக் கூட்டினாலும் 'பீப்', குறைத்தாலும் அதே 'பீப்'. முதல் நாள் உப்புமா அடிப்பிடித்தது. மறுநாள் அரிசி வேகவே இல்லை. "சும்மா பீப் பீப்னுது அக்கா, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது. அண்ணனுக்கு இது சேஃப். எனக்குப் பட்டினி."

கேஸ் அடுப்பு முன்னால் நின்றால் அவள் வேறு ஆள். குடியாத்தத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவோடு சமைத்தவள். ஒரு நாள் என் வீட்டு அடுப்பில் வெங்காய சாம்பார் வைத்தாள். துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். பாத்திரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தாள். தீ எவ்வளவு என்பது இரைச்சலிலேயே தெரிந்துவிடுகிறது. கடுகு வெடித்து ஓய்கிற நொடியில் கறிவேப்பிலை விழுந்தது. நான் கண்ணால் பார்த்துக்கொண்டே கருகவிடுகிற கடுகு அது. "ஃபிளேம் பேசும்க்கா" என்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். கூடவே அந்தக் கண்ணாடி மேல் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது ஞாயிறு ரகு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். குப்பைக் கூடையில் ஓட்டல் பார்சல் டப்பாக்களைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "பாத்தியா, முடியலல்ல? துணிய எடுத்து வை, கிளம்பலாம்."

உஷா சண்டை போடவில்லை. "போலாம்ணா. அதுக்கு முன்ன உன் அடுப்புல எனக்கு ஒரு காபி போட்டுக் குடு. கண்ண மட்டும் கட்டிக்கோ."

துப்பட்டாவால் அவளே கட்டிவிட்டாள். பாதுகாப்பு அதிகாரி பாலை வைத்துக் கண்ணாடியைத் தடவினார். பீப். "ஆன் ஆயிடுச்சா?" என்றார். "எனக்கெப்படிணா தெரியும்? அதான என் கேள்வியே!" மறுபடி தடவினார். பீப். டைமர் ஓடத் தொடங்கியது. மூன்றாவது பீப்பில் அடுப்பு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. குழந்தைகள் கை வைத்துவிடாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. பத்து நிமிஷம் போராடிவிட்டுப் பாலில் விரலை விட்டார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே இருந்தது. "யாருக்குமா இதச் செஞ்சிருக்கான்!" என்று அவர் கத்தியதும் உஷா மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிவெரிட்டி ஒன், அண்ணா! இதுக்கு மேல மோசமான பக்கே கிடையாது. நான் சொன்னா நம்பல இல்ல?" கட்டை அவிழ்க்காமலே அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். துணி மூட்டைப் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த ஞாயிறு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு வந்து இறங்கியது. கடையில் ஒவ்வொரு மாடலின் குமிழையும் திருகிப் பார்த்து, டக்கென்று நிற்கிற இடங்கள் கைக்குத் தெளிவாகப் பிடிபடுவதாக உஷாவே தேர்ந்தெடுத்தது. ரகு ரப்பர் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றையும் சுவரில் மாட்டினார். "மாட்டுணா, உன் ஆசைக்கு. நாத்தம் வந்தா அதுக்கு முன்ன நானே அலறிருவேன்" என்றாள் உஷா. கண்ணாடி அடுப்பு என் வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்; இருந்தும் குறைக்கப் போய்க் கூட்டிவிடுகிறேன்.

அன்றைக்கே முதல் காபிக்குப் பால் வைத்தாள். ரகு அவளுக்கு இரண்டடி பின்னால், விழுகிற குழந்தையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அடுப்பு பற்றியபோது அந்தக் கைகள் இன்னும் கொஞ்சம் நீண்டன. உஷா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அண்ணன் நிற்கிறாரே என்று தீயை நன்றாகக் குறைத்து வைத்தாள். பால் அசையாமல் கிடந்தது. ரகு கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை இறக்கினார். கூடத்துக்குப் போய், சமையலறைக்கு முதுகைக் காட்டிக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உஷா, எனக்குச் சக்கர கொஞ்சம் தூக்கலா!"

"வரும் வரும், இரு" என்றவள், வாய் கொள்ளாத சிரிப்போடு குமிழை முழுசாகத் திருப்பினாள். அந்த இரைச்சல் என் காதுக்கே கேட்டது.