பின் சீட்டில் இருந்த சிவப்புப் பை

பேய், ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு.

ரங்கூனில் பழைய ஜப்பான் கார் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கியாக்டடாவில் பஸ் சத்தத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் ஆபீஸ். இறக்குமதிக்கு பெர்மிட் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அங்கே உட்கார்ந்தபடியே ஜப்பான் ஏலத்தில் வண்டி பிடிப்பேன். யார் வந்து கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: உள்ளூர் யார்டில் வாங்காதே, நேராக ஜப்பானிலிருந்து எடு. இங்கே யார்டில் நிற்கிற வண்டி மீட்டரைத் திருப்பி, பாலிஷ் போட்டு, உள்ளே சென்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அங்கே ஏலத் தாளில் சின்னக் கீறலைக்கூட எழுதிவிடுவார்கள். இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை, இப்போதும் இல்லை.

மற்றவர்களுக்குச் சொல்வது சுலபம். என் அக்கா ஜைனப் லாத்தாவுக்கு வண்டி வாங்கும்போதுதான் சிக்கல் வந்தது. அவள் புருஷன் காசிம் மச்சானுக்கு சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீடு ஊரின் வடகோடியில் மிங்கலாடோனில், ஆஸ்பத்திரி டவுனில். ஒரு மழை நாளில் டாக்ஸி வெள்ளத்தில் நின்றுபோய் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடுரோட்டில் கிடந்தார். அன்றைக்கே லாத்தா போன் போட்டு, "இனி முடியாதுடா தம்பி, எப்படியாச்சும் ஒரு வண்டி பாரு" என்றாள்.

நான் ஜப்பானில் ஒரு வெள்ளை வண்டியைப் பார்த்து வைத்தேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கையால தொட்டுப் பாக்காம, உக்காந்து பாக்காம, படத்தப் பாத்தா வண்டி வாங்குறது? ரெண்டு மாசம் நான் இருக்கணுமே மாப்ளே!" என்று சிரித்தார்.

அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு யார்டுக்குப் போனோம். நல்ல மழை. தகரக் கொட்டகைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ஏழு சீட்டர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினைக் கேட்டேன், கார்பெட்டை அழுத்திப் பார்த்தேன், என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சான் முன்னால் உட்கார்ந்தார், லாத்தா பின்னால் உட்கார்ந்தாள். யார்டுக்காரர் கோ ஜோ லப்பெயே குடிக்கக் கூப்பிட்டதும் எல்லோரும் இறங்கி மேஜைக்குப் போனோம். "அகோ, இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம்" என்று பர்மியில் சொல்லிக்கொண்டே டீயை ஊற்றினார் அவர். மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் என் போனில் படங்கள் வந்தன. காலையில் ஜப்பான் ஏஜெண்டிடம் அந்த வெள்ளை வண்டியைப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். முன்பக்கம், இன்ஜின், மீட்டர், டயர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அங்கே நல்ல வெயில். அடுத்தது பின் சீட்.

பின் சீட்டில் ஒரு சிவப்பு ஷான் தோள்பை இருந்தது.

நம்பினால் நம்புங்கள், என் லாத்தாவின் பை. வார் அறுந்த இடத்தில் அவளே பச்சை நூலால் போட்ட முடிச்சு, வாயில் எட்டிப் பார்க்கிற ஆஸ்பத்திரி ஃபைலின் மூலை, எல்லாம் அப்படியே. தலையைத் தூக்கிப் பார்த்தேன். லாத்தாவின் தோளில் பை இல்லை. இந்தச் சாம்பல் வண்டியின் பின் சீட்டில், கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள்.

நான் பயப்படுகிறவன் இல்லை. ஏதோ மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன், எங்கள் தொழிலில் அது புதிதா என்ன? எழுந்துபோய் இந்த வண்டியின் சேசிஸ் நம்பரைப் பார்த்தேன். வேறு நம்பர், வேறு நிறம், சீட் துணிகூட வேறு. பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போன் போட்டேன்.

"பின் சீட்டில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லையே, நான் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்" என்றார் ஏஜெண்ட். உடனே இன்னொரு படம் அனுப்பினார். சீட் காலியாக இருந்தது. முதல் படத்தில் பை இருந்தது. இரண்டும் என் போனில் அடுத்தடுத்து இருந்தன.

மறைத்து என்ன செய்வது என்று லாத்தாவிடம் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், முடிச்சைத் தடவிப் பார்த்தாள், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"என் பைதான். அப்ப நான் அந்த வண்டியில ஏறியாச்சுன்னு அர்த்தம். அதையே எடு தம்பி."

"என்ன லாத்தா, பயமா இல்லையா?"

"வாரம் மூணு தடவை அந்த மனுசனுக்கு ஊசி குத்துறதப் பாக்குறேன். இதுக்கா பயப்படுவேன்?"

மச்சான் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு சேரைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "சரி, ரெண்டு மாசம் இருந்து பாக்குறேன்" என்றார்.

இருந்தார். வெள்ளை வண்டி வந்தது. இன்றுவரை ஒரு நாள்கூட அது அவரை வழியில் நிறுத்தியதில்லை. அந்தச் சாம்பல் வண்டியை பக்கத்து ஊர் மாவ்பியைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். ஒரு மாதத்துக்குள் நெடுஞ்சாலையில் ஒயர் எரிந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், டேஷ்போர்டுக்குள் ஆற்று மண் இருந்ததாகச் சொன்னார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. நான் கண்டுபிடிக்கத் தவறிய ஒரே வண்டி அதுதான். நேராக ஜப்பானிலிருந்து எடு என்று நான் சொல்வது சரிதான் என்று இப்போது இன்னும் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெள்ளை வண்டி துறைமுகத்தில் இறங்கிய அன்று பின் கதவை முதலில் திறந்தவன் நான். சீட் மடிப்பில் ஒரு மஞ்சள் சீட்டு சிக்கியிருந்தது. டயாலிசிஸ் பிரிவில் ஒவ்வொரு முறையும் கொடுக்கிற சீட்டு, மச்சான் போகிற அதே ஆஸ்பத்திரியுடையது. பர்மிய எழுத்தில் 'ஊ காசிம்' என்று மச்சான் பெயர் மரியாதையோடு எழுதியிருந்தது. கீழே தேதியும் மாதமும் தெளிவாக இருந்தன. வருடம் இருந்த இடத்தில் மட்டும் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. மச்சான் அந்த வண்டியில் ஏறும் முன்பே அதில் கிடந்த சீட்டு; அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு சீட்டு உண்டா என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தேதி எது என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். வருடா வருடம் அந்த நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வண்டியை நானே எடுத்து வந்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். மச்சானை டாக்ஸியில்தான் அனுப்புகிறேன்.