அருவியில் போன தொண்டை

என் மாமாவின் தொண்டையைக் கெடுத்தவள் நான்தான் என்று தென்காசியில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஐம்பதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்த காரியம். தெரு மறந்தாலும் எங்கள் சொந்தபந்தம் மறக்கவில்லை. கல்யாணம், சடங்கு என்று எங்கே கூடினாலும் யாராவது எடுத்துக்கொடுத்துவிடுவார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு நாடகக் கம்பெனியில் இருபது வருஷமாக ராஜா வேஷம். ஊர் ஊராகக் கொட்டகை போடும் அந்தக் கம்பெனி, ஆனி ஆடிச் சாரலில் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தை நம்பித் தென்காசிக்கு வரும். அந்த நாட்களில் மாமாவுக்குச் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். மதராஸிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து அருவியில் ஆட்டம் போட, இந்த மண்ணிலேயே பிறந்த மாமா கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பார். மோர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கழுத்தை விட்டு மப்ளர் இறங்கக் கூடாது. எல்லாம் தொண்டைக்காக. அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக்கொண்டே இருப்பாள். நாடகம் உள்ள நாளில் வேஷம் கட்டும்வரை மாமா வாயே திறக்க மாட்டார். ஜாடைதான். இரண்டு விரலை ஆட்டினால் வெற்றிலை, மூக்கைத் தொட்டால் குழம்பில் காரம் அதிகம். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் எல்லோருமே கையால் பேசப் பழகிவிட்டோம்.

அந்த வருஷம் நான் மாமாவைப் பிய்த்து எடுத்துவிட்டேன். ஒரே ஒரு தடவை என்னோடு அருவிக்கு வர வேண்டும் என்று காலையும் மாலையும் நச்சரிப்பு. அவர் சிரித்துக்கொண்டே மப்ளரைத் தொட்டுக் காட்டுவார். அவ்வளவுதான் பதில்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்குப் பெரிய நாள். என் அக்காவைக் கொடுத்திருந்த சுந்தரபாண்டியபுரத்துச் சம்பந்தி வீட்டார் நாடகம் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவதாக இருந்தார்கள். தம்பி ராஜாவாக வந்து நிற்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. காலையில் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா என்னைக் கூப்பிட்டார்.

"வாட்டி, அருவிக்குப் போவோம்."

நாடக நாளில் மாமா வாய் திறந்து பேசிவிட்டாரே என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் ஜட்கா வண்டியில் ஏறிவிட்டேன்.

பேரருவியில் அன்று நல்ல தண்ணீர். என்னை ஓரத்தில் கொஞ்சம் நனையவிட்டுக் கரையேற்றினார். மப்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நட்டநடுவில் போய் நின்றார். அருவிக்குள் போனால் யாரும் ஓவென்று கத்தத்தான் செய்வார்கள். மாமாவும் ஒரு கையை நெஞ்சில் வைத்து, வாயைத் திறந்துகொண்டு வெகுநேரம் நின்றார். யார் சத்தமும் யாருக்கும் கேட்காது. நான் மப்ளரை ஆட்டிக்கொண்டு பதிலுக்குக் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் மாமா தொண்டையைத் தொட்டு, கையை விரித்தார். அம்மா என் ஈரச் சடையைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீதான கூப்பிட்ட?"

ஒரு மாசமாகக் கூப்பிட்டவள் நான்தானே. ஆமாம் என்றேன். அம்மா கை ஓயும்வரை அடித்தாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தொண்டை இல்லையே என்று அவருக்காகவும் சேர்த்து நான் அழுதேன்.

தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அம்மாவே சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்றாள். அன்று ராஜா வேஷத்தை ஒரு சின்னப் பையன் கட்டினான். கம்பெனி அடுத்த ஊருக்குப் புறப்பட்டபோது மாமா போகவில்லை. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பேச்சு மட்டும் மெல்லிய குரலில் திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. யாராவது பாடச் சொன்னால் என்னைக் காட்டி, "எம் மருமவா செஞ்ச வேலை" என்று சிரிப்பார். என் கல்யாணத்தில் வாழ்த்துப் பாடச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். மணவறையில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

அருவிக்குப் போன அந்த நாளிலிருந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு மாமா காலமானார். அதற்குள் அம்மாவும் போயிருந்தாள். பழைய கம்பெனியின் ஆர்மோனியக்காரர், தள்ளாத வயதில், துட்டி கேட்க வந்தார். நான் செய்த பாவத்தை அவரிடமும் சொல்லி அழுதேன்.

"தொண்டைக்கு என்ன தாயி கேடு?" என்றார் அவர். "ராஜா வேஷம் இனிமே சின்னவனுக்கு, நீங்க மந்திரி வேஷம் கட்டுங்க, சினிமா பாத்த சனம் வயசாளி ராஜாவைப் பாத்தாச் சிரிக்குதுன்னு வெள்ளிக்கிழமையே மொதலாளி சொல்லிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். சம்பந்தி வீட்டுக்காரங்கள எல்லாம் அக்கா வரச் சொல்லிட்டாளே, அவ முன்னால எப்படி நிப்பேன்னு மட்டுந்தான் அண்ணாச்சி கேட்டாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருஷமாக என்னைப் பழி சுமக்க வைத்துவிட்டாரே. பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக, நன்றாக இருந்த தொண்டையை அவர் முப்பது வருஷம் மூடியே வைத்திருக்கிறார். என் சுமை எம்மாத்திரம்.

நாடகத்தின் கடைசியில் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஒரு பாட்டுப் பாடுவார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. கொட்டகையில் அம்மா மடியில் உட்கார்ந்து பத்துத் தடவையாவது அதைப் பார்த்திருக்கிறேன். பேரருவியில் மாமா அப்படித்தான் நின்றார். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். குளிர் தாங்காமல் கத்துகிறார் என்று நினைத்து, எதிரே நின்று நான் மப்ளரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.